அல்ஃபேரெஸின் நாரைக்கால்

வால்தெலோபோஸ் ஊரில் ஒருவர் அல்ஃபேரெஸ் ஆக வேண்டுமென்றால் முதலில் நாரை ஆக வேண்டும்.

கார்னிவல் ஞாயிறன்று, நண்பகல் மணி ஓய்ந்ததும், அவர் கோயில் வாசலில் சார்த்தியிருக்கும் கொடிக்கு எதிரே வந்து நிற்பார். முரசு மூன்று முறை முழங்கும். முதல் முழக்கத்தில் அவருடைய இடது முழங்கால் இடுப்பளவுக்கு உயரும். இடது கை நெஞ்சுக்கு நேரே காற்றைக் கொத்தாகப் பற்றிக்கொள்ளும். இரண்டாம் முழக்கம் முடியும்வரை வலது காலில் மட்டும் நிற்க வேண்டும். மூன்றாவதில் ஓர் எவ்வு. இடது பாதம் ஊன்றிய கணமே வலது கால் பின்புறமாக அகன்று, அரைவட்டமடித்து வந்து தரையிறங்கும். அதன் பிறகே கொடி கைக்கு வரும். வந்த கொடியையும் மண்ணில் ஊன்றலாகாது. கம்பின் அடியை வலது பாதத்தின்மேல் தாங்கி நிற்க வேண்டும்.

இதற்குப் பெயர் நாரைக்கால். பெயர்க்காரணம் கேட்டால் கோயில் கோபுரத்துக் கூட்டைக் காட்டுவார்கள். பிப்ரவரியில் நாரைகள் திரும்பி வந்த சில நாளில் கார்னிவல் வரும், ஆகவே நாரை. பாதிரியாருக்கு வேறு விளக்கம் இருந்தது: உயர்ந்த கால், இறந்தோர் ஆன்மாக்கள் மீட்புக்குக் காத்திருக்கும் உத்தரிக்கும் தலத்தின் வாசற்படியைத் தாண்டுகிறது, மூடிய கை ஓர் ஆன்மாவை வெளியே இழுக்கிறது. ஆன்மாக்களின் சபை என்பதே அவ்வூர்ச் சகோதர சபையின் பெயர். ஆண்டுக்கு மூன்று நாள் அது ஒரு சிறு படையாக மாறிக் கேப்டன், கொடி ஏந்தும் அல்ஃபேரெஸ், சார்ஜெண்ட், முரசுக்காரர் எனப் பதவி பிரித்துக்கொண்டு, இறந்தோருக்காகக் கொடி வீசும். அதனால் பாதிரியாரின் விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சபைச் செயலர் தோன் ஹசிந்தோவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டு லத்தீன் கற்பித்து ஓய்வுபெற்ற அவர், சபைக் குறிப்பேட்டில் நாரைக்காலுக்கு நேரே, "நோக்கம்: தெரியவில்லை" என்று எழுதி வைத்திருந்தார்.

இந்த ஆண்டு முறை கசில்தாவுடையது.

கசில்தா குதிரை வளர்ப்பவள்; வயது நாற்பத்துமூன்று. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு சபை பெண்களுக்கும் பட்டியலைத் திறந்த அன்று, பெண்களில் முதற்பெயராகக் கையெழுத்திட்டவள். ஆண்டுக்கு ஓர் அல்ஃபேரெஸ் வீதம் அந்தப் பட்டியல் நகர்ந்து நகர்ந்து அவளிடம் வந்து சேர்வதற்குள், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வைக்கோல் கட்டும் இயந்திரம் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. செயற்கைக் காலில் அவள் நடந்தாள், ஏணி ஏறினாள், மூட்டை சுமந்தாள். ஆனால் பிடிமானம் ஏதுமின்றி அந்தக் காலில் மட்டும் இரண்டு முழக்க நேரம் நிற்பது நடக்காத காரியம். ஜனவரி முழுவதும் லாயத்தில் தனியே முயன்று பார்த்து, அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி உறுதிசெய்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் விதி தெளிவானது: நாரைக்கால் வைக்க முடியாதவர் கொடியைத் தொடக் கூடாது, அவர் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். பட்டியலில் அவளுக்குப் பின்னால் இப்போது இருபத்துநான்கு பேர். அவள் முறை மீண்டும் வரும்போது அவளுக்கு அறுபத்தேழு வயதாகியிருக்கும்.

கணக்கைவிட அவளை உறுத்தியது வேறொன்று. விபத்துக்குப் பின் ஊர் அவளிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டது. கடையில் பையை வாங்கிக்கொண்டார்கள். படியில் முழங்கையைப் பிடித்தார்கள். "கசில்தா எப்படிக் குதிரை ஓட்டுவா தெரியுமா" என்று அவள் எதிரிலேயே, இறந்தவரைப் பற்றிப் பேசும் குரலில் பேசினார்கள். அவள் இன்றும் நாள்தோறும் குதிரை ஓட்டினாள். ஆனால் அது ஊருக்கு வெளியே, மேய்ச்சல் நிலத்தில். ஊர் பார்க்கும் இடம் சதுக்கம் ஒன்றே.

கார்னிவலுக்கு முந்திய வியாழனன்று கேப்டன் நிக்காசியோ லாயத்துக்கு வந்தார். ஆலிவ் எண்ணெய் ஆலையின் மேற்பார்வையாளர், கெட்டவர் அல்லர். பட்டியலில் அடுத்த பெயர் அவருடைய அக்காள் மகன் தமியானுடையது என்பது தற்செயல். அல்ஃபேரெஸ் அணியும் சிவப்புச் சட்டை தமியானின் அளவுக்குத் தையற்காரரிடம் போயாகிவிட்டது என்பது அவ்வளவு தற்செயல் அன்று.

"கசில்தா, மனசுல வச்சுக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் நிக்காசியோ. "அத்தனை பேரு முன்னாடி நீ விழுந்துட்டா, எங்களுக்குத்தான் தாங்காது."

"விழப்போறது நான். தாங்காதது உங்களுக்கா?"

"நீயே விட்டுக்கொடுத்துட்டா கௌரவமா இருக்கும். கொடி போகும்போது பக்கத்துலயே ஒரு நாற்காலி போடுறேன். மெத்தை வச்சு."

"மெத்தை வேறயா. தமியானோட சட்டைக்குக் கை நீளம் சரியா இருக்கா?"

நிக்காசியோ அந்தக் கேள்வியைக் கடந்து போனார். "நாரைக்கால் லேசுப்பட்ட காரியமில்ல, பொண்ணே. ரெண்டு காலும் நல்லா இருக்கிறவனே ஆடிப்போறான். இப்போ பாரு." லாய முற்றத்தின் நடுவே நின்று, அவரே மூன்று முழக்கத்தையும் வாயால் முழங்கி, முழங்காலை உயர்த்தி, காற்றைப் பற்றி, எவ்வி, வலது காலைச் சுழற்றி வைத்தார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது குறைசொல்ல முடியாத நாரைக்கால்.

பக்கத்தில் பெண்குதிரை பெர்திஸைத் தேய்த்துக்கொண்டிருந்த புஷயிப், தூரிகையும் கையுமாக அதைக் கவனித்தார். மொராக்கோவின் கடற்கரைச் சமவெளியிலிருந்து வந்து பதினாறு ஆண்டுகளாக அந்த வட்டாரத்தில் வேலை செய்பவர். பிப்ரவரி தோறும் ஆலிவ் கிளை கழிக்கத் தெற்கே போய்விடுவதால் ஒரு கார்னிவலும் பார்த்ததில்லை. இந்த ஆண்டு முதுகுவலியால் தங்கிவிட்டார். இளமையில் சொந்த ஊர்த் திருவிழாக்களில் வரிசையாகக் குதிரை பாய்ச்சி ஒரே நேரத்தில் துப்பாக்கி சுடும் கூட்டத்தில் இருந்தவர்.

"ஏறியாச்சு," என்றார் புஷயிப். "குதிரை எங்கே?"

நிக்காசியோ திரும்பினார். "எந்தக் குதிரை?"

"இப்போ நீங்க ஏறினீங்களே, அது. இடது காலைச் சேணத்து வளையத்துல வச்சீங்க, பிடரி மயிரைப் பிடிச்சீங்க, எவ்வி வலது காலைப் போட்டீங்க. எல்லாம் சரியா இருக்கு. குதிரை ஒண்ணுதான் குறையுது."

"இது நாரைக்கால், ஐயா. ஆன்மாக்களுக்காகச் செய்றது."

"இருக்கலாம். எங்க ஊர்ல நாரை இப்படி நடக்காது." புஷயிப் மறுபடி தூரிகையைக் குதிரையின் விலாவில் வைத்தார். "இதைச் செய்றவருக்கு என்ன பேரு சொன்னீங்க?"

"அல்ஃபேரெஸ்," என்றாள் கசில்தா.

தூரிகை நின்றது. "அல்-ஃபாரிஸ்," என்றார் புஷயிப், அந்தச் சொல்லை அதன் வீட்டில் வைத்து உச்சரிப்பவரைப் போல. "எங்க பேச்சுல அதுக்குக் குதிரைவீரன்னு அர்த்தம், முதலாளியம்மா. நானே ஒரு காலத்துல ஃபாரிஸ்தான். தரையில நின்னு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."

நிக்காசியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆலையில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கசில்தா வெகுநேரம் முற்றத்து மண்ணில் அவர் கால் விட்டுப்போன அரைவட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி மாலை சபை கூடியது. அடுப்பருகே தோன் ஹசிந்தோ குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார். கசில்தா எழுந்து, முந்திய நாள் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் சொல்லி, குதிரைமேல் இருந்தபடி கொடி வீச அனுமதி கேட்டாள்.

"சொல்லைப் பத்தி அந்த மனுஷர் சொன்னது சரி," என்றார் தோன் ஹசிந்தோ உடனே. பாதிக்கூட்டம் திகைத்தது. "அரபியில குதிரைவீரன். அரசரோட கொடியை அவரோட தலைசிறந்த குதிரைவீரன் பிடிச்சான். அதனால அந்தச் சொல்லு நம்ம மொழியில கொடி பிடிக்கிறவனைக் குறிச்சுது. பிறகு கொடி காலாட்படைக்கு வந்துச்சு, சொல்லும் கூடவே வந்துச்சு. போர்த்துகீசியர் அல்ஃபேரெஸ்னுதான் சொல்றாங்க, இத்தாலியர் அல்ஃபியேரேங்கிறாங்க. அங்கேயும் அவன் நடந்துதான் போறான்."

"அப்போ அனுமதி உண்டா, தோன் ஹசிந்தோ?"

"இல்ல. சொல்லு பிறந்த ஊர் வேற, குடியிருக்கிற ஊர் வேற. சார்ஜெண்டுங்கிறது லத்தீன்ல 'ஊழியம் செய்றவன்'. அதுக்காக நம்ம சார்ஜெண்டைச் சூப்பு பரிமாறச் சொல்லலாமா?"

சார்ஜெண்ட் பாஸ்குவால் ஊரின் ஒரே மதுக்கடையை நடத்துபவர். "தினமும் அதைத்தான் பண்றேன்," என்றார். "இந்தச் சபையில பேருக்குப் பொருத்தமா இருக்கிறவன் நான் ஒருத்தன்தான்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"கர்னல்ங்கிற பேரு 'தூண்'ங்கிற சொல்லிலிருந்து வந்துச்சு," என்று தொடர்ந்தார் தோன் ஹசிந்தோ, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு. "எந்தக் கர்னலும் கூரையைத் தாங்குறதில்ல. அகராதியைக் காட்டி விதியை மாத்த ஆரம்பிச்சா முடிவே கிடையாது, பொண்ணே. அல்ஃபேரெஸ்ங்கிற சொல்லு குதிரையை விட்டு இறங்கிப் பல நூறு வருஷமாச்சு."

"சொல்லு இறங்கிடுச்சு, தோன் ஹசிந்தோ," என்றாள் கசில்தா. "காலு இன்னும் இறங்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"விதியில இருக்கிற அந்த நாரைக்காலைச் சொல்றேன். நான் அகராதியைக் காட்டல. உங்க விதியையேதான் காட்டுறேன். நாளைக்குக் காலையில சதுக்கத்துக்குப் பெர்திஸைக் கொண்டு வர்றேன். போன வருஷ அல்ஃபேரெஸ் கிறிஸ்புலோ, குதிரைக்குப் பக்கத்துல நின்னு நாரைக்கால் வைக்கட்டும். ஒண்ணும் சேர்க்க வேண்டாம், ஒண்ணும் விட வேண்டாம். அவன் தரையிலேயே நின்னா, என் பேரை நானே அடிச்சுட்டுக் கடைசியில எழுதிடுறேன்."

"குதிரைமேல உக்காந்துட்டா?" என்றார் நிக்காசியோ.

"அப்போ இத்தனை வருஷமா நாம எல்லாரும் இல்லாத குதிரையில ஏறிட்டிருந்தோம்னு அர்த்தம்."

மூலையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ரொட்டிச்சூளை வைத்திருக்கும் கிறிஸ்புலோ தொண்ணூற்றாறு கிலோ. வாழ்நாளில் மிதிவண்டியைவிட உயரமான எதிலும் ஏறியதில்லை. "என்னை யாராவது கேட்டீங்களா?" என்றான். "அந்தக் குதிரையையாவது கேட்டீங்களா?"

தோன் ஹசிந்தோ பேனாவைத் திறந்தார். தெரியவில்லை என்று தாமே எழுதிய ஒன்றை அறிய வாய்ப்பு வந்தபோது விலகிச் செல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "நிபந்தனை சரியா இருக்கு," என்றார். "நடுவர் நான்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சதுக்கத்தில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். தோன் ஹசிந்தோ துணி அளக்கும் நாடாவால் கிறிஸ்புலோ உயர்த்தும் பாதத்தின் உயரத்தை அளந்து, குதிரையின் கால்வளையம் அதே உயரத்தில் இருக்குமாறு வாரை இறக்கச் செய்தார். புஷயிப் பெர்திஸின் தலைக்கயிற்றைப் பிடித்து, அதன் காதில் ஏதோ அரபியில் சொன்னார். கசில்தா வேலியோரம் நின்றாள். இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு ரொட்டிக்காரனின் இடுப்பில் இருந்தன.

"கண்ணை மூடிக்கலாமா?" என்று கேட்டான் கிறிஸ்புலோ.

"விதியில தடை இல்ல," என்றார் தோன் ஹசிந்தோ.

முதல் முழக்கம். கிறிஸ்புலோவின் இடது முழங்கால் உயர்ந்தது. பாதம் கால்வளையத்துக்குள் போய் அமர்ந்தது. இடது கை ஆண்டாண்டாகக் காற்றைப் பற்றிய அதே இடத்தில் மூடியது. அங்கே பிடரி மயிர் இருந்தது. இரண்டாம் முழக்கம். அவன் ஆடவில்லை, பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தால் எவரும் ஆடுவதில்லை. மூன்றாம் முழக்கம். எவ்வினான். வலது கால் பின்புறமாக அகன்று அரைவட்டமடித்தது. சேணம் முனகியது. பெர்திஸ் ஒரு காலை மாற்றி ஊன்றி, பெருமூச்சு விட்டது.

கிறிஸ்புலோ கண்ணைத் திறந்தபோது ஊர் கீழே இருந்தது.

அவன் வலது கை, யாரும் சொல்லாமலே, பழக்கத்தால் பக்கவாட்டில் நீண்டது. பாஸ்குவால் பயிற்சிக் கம்பை அதில் வைத்தார். கிறிஸ்புலோ எப்போதும்போல் அதன் அடியை வலது பாதத்தின்மேல் வைத்தான். வலது பாதம் வளையத்துக்குள் இருந்தது. கம்பு அதன் விளிம்பில் சார்ந்து, வார்த்து வைத்ததுபோல் நிமிர்ந்து நின்றது. ஈட்டி பிடித்த குதிரைவீரர்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

"அதுவுமா," என்றார் தோன் ஹசிந்தோ மெல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"சரி, பாத்தாச்சுல்ல," என்றது மேலிருந்து ஒரு குரல். "இப்போ எப்படி எறங்குறது?"

தோன் ஹசிந்தோ குறிப்பேட்டைப் புரட்டினார். "இறங்குறதுக்கு விதியில ஒண்ணும் எழுதல," என்றார்.

சதுக்கம் வெடித்துச் சிரித்தது. அதற்கிடையே அவர், "தெரியவில்லை" என்ற சொல்லை ஒரு நேர்கோட்டால் அடித்து, மேலே இரண்டு சொற்கள் எழுதினார்: "குதிரை ஏறுதல்." எழுதி முடித்ததை ஒருமுறை வாசித்தார். ஓர் ஆசிரியர், தம் வினாத்தாளுக்கு மாணவர் ஒருவர் முழு மதிப்பெண் வாங்கியதை ஒப்புக்கொள்ளும் முகம் அது.

நிக்காசியோ கடைசிவரை கேப்டனாகவே இருந்தார். "ஏறட்டும்," என்றார் கசில்தாவிடம் வந்து. "ஆனா கொடி விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். முப்பது வீச்சு. ஓரம் தரையில பட்டா, கொடி அந்த நிமிஷமே அடுத்த ஆளு கைக்குப் போகும்."

"தமியானைப் பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க," என்றாள் கசில்தா. "மெத்தை வேணும்னா போடுங்க."

ஞாயிறன்று வடக்கிலிருந்து காற்று வீசியது. கொடி நான்கு மீட்டர்ப் பட்டு, நனையாமலேயே கனமானது. முதல் முழக்கத்தில் கசில்தாவின் இடது கால் வளையத்துக்குப் போயிற்று. இடது கை பிடரியைப் பற்றியது. இரண்டாம் முழக்கத்தில் செயற்கைக் கால் தரையில் நின்றது, தான் பாதி வேலையையே செய்கிறோம் என்று அறிந்த நிதானத்தோடு. மூன்றாவதில் அந்தக் காலே எல்லோரும் பார்க்க அகன்று உயர்ந்து, வானத்தில் ஒரு முழு அரைவட்டம் எழுதி, மறுபக்கம் இறங்கியது. கோபுரத்து நாரை அலகைத் தட்டியது. கொடி அவள் கைக்கு வந்தது.

பத்தாம் வீச்சுவரை காற்றுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. பதினேழாவதில் காற்று பட்டைப் பிடுங்கிக் கீழே அழுத்தியது. ஓரம் கல்தளத்தை நோக்கிச் சரிந்தது. தமியான் ஓரடி முன்வைத்தான். கசில்தா முழங்காலால் ஒரு சொல் சொன்னாள். பெர்திஸ் இருந்த இடத்திலேயே சுழன்றது. காற்று எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே குதிரையும் திரும்பியதால், இழுப்பதற்கு ஒன்றுமில்லாமல் போன காற்று கொடியை மேலே தூக்கிவிட்டது. தரைக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் மிஞ்சியிருந்தது. கால்நடையாகச் சுற்றுபவர் எவரும் அவ்வளவு வேகமாகத் திரும்பியிருக்க முடியாது. தமியான் ஓரடி பின்வைத்தான்.

முப்பதாவது வீச்சுக்குச் சபை மண்டியிடும். மண்டியிட்டோர் தலைகளைக் கொடி மூடிக் கடக்க வேண்டும்; யார் தலைமேல் அது கடக்கிறதோ அவர் வீட்டில் இறந்தவருக்கு அந்த ஆண்டு அமைதி என்பது நம்பிக்கை. தரையில் நிற்பவரின் கைக்கு இரண்டு வரிசைதான் எட்டும். மூன்றாம் வரிசையினர் எந்த ஆண்டும் வெறுந்தலையோடு எழுந்து போவார்கள். படைத்தலைவன் கடைசியில் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தால் அந்த வரிசையில்தான் கேப்டன் இருப்பார். நிக்காசியோவின் மனைவி இறந்து ஆறு ஆண்டுகளாகியிருந்தன. ஆறு ஆண்டும் அவரே கேப்டன்.

கசில்தா முழு எடையையும் இடது வளையத்தில் இறக்கி, சேணத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தாள். அந்த உயரத்திலிருந்து கம்பு நீண்டது. பட்டு முதல் வரிசையை மூடியது, இரண்டாவதை மூடியது. தயங்காமல் மூன்றாவதையும் மூடி, நிக்காசியோவின் நரைத்த தலையை மெல்லத் தடவிக் கடந்து, மீண்டும் வானத்துக்கு ஏறியது.

கேப்டன் உடனே எழவில்லை. எழுந்தபோது தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "வாழ்க அல்ஃபேரெஸ்" என்று சொல்லுவது அவர் கடமை. அதை அவர் இரண்டு முறை சொன்னார். முதல் முறை, கையிலிருந்த தொப்பியைப் பார்த்து. இரண்டாம் முறை சொன்னதைச் சதுக்கமே திருப்பிச் சொன்னது. கோபுரத்து நாரைகள் கூட்டைவிட்டுக் கிளம்பி ஒரு வட்டம் போட்டன.

குறிப்பேட்டில் தோன் ஹசிந்தோ எழுதியது: "நண்பகல் கடந்து இருபது நிமிடம். அல்ஃபேரெஸ், குதிரையில். வீச்சு முப்பது. கொடி தரை தொடவில்லை. வரிசை மூன்று." கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே கோடிட்டார். எதற்கும் கோடிடுபவர் அல்லர்.

தமியான், கைநீளம் சரியாக அமைந்த சிவப்புச் சட்டையுடன், புஷயிப்பின் அருகே வந்து நின்றான். அடுத்த ஆண்டு முறை அவனுடையது. "இது கடிக்குமா?" என்று கேட்டான்.

"முன்பக்கம்தான்," என்றார் புஷயிப். "செவ்வாய்க்கிழமை காலையில வா. பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்."

கசில்தா கொடியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். இறங்கும்போது வழக்கமாக நீளும் கைகளுக்காக அவள் உள்ளூர ஆயத்தமாகியிருந்தாள். ஒரு கையும் நீளவில்லை. சதுக்கத்தின் மறுகோடியில், எல்லோருக்கும் வறுத்த ரொட்டித்தூளும் சோம்புச் சாராயமும் பரிமாறுவதற்காகப் பாஸ்குவால் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தார். நீளமான பெஞ்சின் ஒரு முனையை நிக்காசியோ தூக்கியிருந்தார். மறுமுனை தரையில் கிடந்தது.

"கசில்தா," என்று அங்கிருந்தே கத்தினார். "வேடிக்கை பாத்தது போதும். வந்து அந்தப் பக்கம் பிடி."

அவள் போய்ப் பிடித்தாள்.